காப்பு அவிழாத கோமாளி

நீலகல் தோட்டத்து மேல்பிரிவான மேல்கணக்கில் தேயிலைச் செடி கவ்வாத்து வெட்டும் சின்னத்தம்பி சிரிப்புக் காட்டத் தெரியாதவர். இது பொறாமைக்காரர்கள் கட்டிவிட்ட கதை அல்ல. தோட்டத்து ஆபீசில், லேபர் ஆபீசர் முன்னிலையில், துரையையும் கிளாக்கரையும் சாட்சியாக வைத்து, அவரே நடித்துக் காட்டி நிரூபித்த உண்மை. இப்படி முறைப்படி விசாரணை வைத்து உறுதி செய்யப்பட்ட கோமாளி இலங்கைத் தீவில் வேறு எவரும் இருப்பதாகத் தெரியவில்லை. அந்தப் பெருமையைச் சின்னத்தம்பி யாரோடும் பங்குபோட விரும்பியதும் இல்லை.

அவர் கோமாளியாகப் பிறந்தவர் அல்லர். மன்மதனாக வேண்டும் என்றுதான் ஆசைப்பட்டார்.

மாசி மாதம் பிறந்தால் வட்டகொடைப் பக்கத்துத் தோட்டங்களில் காமன் கூத்து வந்துவிடும். காமன் கம்பத்தை ஊன்றி, வேஷக்காரர்களுக்குக் கையில் மஞ்சள் காப்புக் கட்டி, ரதி மன்மதன் கதையை நாளுக்கு ஒரு பகுதியாக ஆடி, கடைசியில் சிவன் நெற்றிக்கண்ணைத் திறந்து மன்மதனை எரிப்பார். மூன்றாம் நாள் ரதி அழுது மன்றாடி அவனை எழுப்புவாள். அன்றைக்குத்தான் காப்பு அவிழும். இளவயதில் சின்னத்தம்பி கூத்து வாத்தியாரிடம் போய், மன்மதன் வேஷம் கேட்டார். ஆள் பற்றாக்குறையாலோ என்னவோ வாத்தியாரும் கொடுத்துவிட்டார். முதல் நாள் கரும்பு வில்லைத் தோளில் சாய்த்துக்கொண்டு சின்னத்தம்பி சபைக்கு வந்து நின்றார். எது கரும்பு எது மன்மதன் என்று கண்டுபிடிக்கச் சனத்துக்குச் சற்று நேரம் பிடித்தது. காதுகளை வைத்து ஒருவாறு அடையாளம் கண்டார்கள். பிறகு சிரிக்க ஆரம்பித்தவர்கள், ரதி வந்து ஒப்பாரி வைக்கும்வரை நிறுத்தவில்லை. ரதியாக ஆடியவனும் சிரித்துக்கொண்டேதான் ஒப்பாரி வைத்தான்.

"தம்பி, இவ்வளவு சிரிப்ப வீணாக்கக் கூடாதுப்பா," என்று வாத்தியார் அடுத்த நாளே அவர் முகத்தில் வெள்ளைப் புள்ளி வைத்துவிட்டார்.

அன்றிலிருந்து அவர்தான் கோமாளி. இந்த இறக்கத்தை அவர் பதவி உயர்வாக எடுத்துக்கொண்டார். "மன்மதன எரிச்சிடுவாங்க. கோமாளிய எவன் எரிக்கப் போறான்?" என்று சொல்லிக்கொள்வார். பிறகு நாகலெட்சுமியைக் கட்டினார். அந்த அம்மா கொழுந்தெடுக்கும் கூட்டத்தில் பல தடவை சொன்ன வாக்குமூலம் இது: "கோமாளியக் கட்டிக்கிட்டது நானு. சிரிச்சதெல்லாம் ஊருசனம்."

காமன் கூத்துக் கோமாளிக்கு ஒரு சலுகை உண்டு. காப்புக் கையில் இருக்கும்வரை அவன் யாரையும் கேலி செய்யலாம். கங்காணி, கணக்கப்பிள்ளை, கிளாக்கர், கடைக்காரர், யாராய் இருந்தாலும் கோபித்துக்கொள்ளக் கூடாது. கோபித்தால் காமன் குற்றம். இந்தச் சலுகையின் உச்சியில் இருந்தவர் துரை. தோட்டத்துத் துரை நெடிய வெள்ளைக்காரர். அவர் முழங்கால்வரை இழுத்துப் போடுகிற மேஸ் என்ற காலுறையில் இடது கால் மேஸ் மட்டும் எந்நேரமும் நழுவி நாலு விரல் இறங்கிவிடும். குனிந்து இழுத்துவிடுவது துரைத்தனத்துக்கு அழகல்ல என்பதால், நாலு எட்டு நடந்ததும் நின்று, பிரம்பை ஊன்றி, இடது காலைக் கோழி குப்பை கிளறுகிற மாதிரி பின்னால் ஒரு உதை உதைப்பார். மேஸ் அப்படியே கிடக்கும். துரை மட்டும் திருப்தியாக நடப்பார்.

சின்னத்தம்பி இதைக் கூத்தில் செய்து காட்டினார். முன்வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த துரை முகம் சிவக்கச் சிரித்து, தன் கையாலேயே ஒரு சாராயப் போத்தலைக் கொடுத்துவிட்டுப் போனார். ஆக, எல்லாம் நல்லபடியாகத்தான் இருந்தது.

ஐம்பத்தேழாம் ஆண்டு காமனை எரித்த மறுநாள் காலையில்தான் கெட்டது.

வேலைக்கு ஆள் கூடும் பெரட்டுக் களத்தில் சனம் கம்பளியைப் போர்த்துக்கொண்டு பனியில் நின்றது. வேலை பிரித்துக் கொடுக்கத் துரை வரவேண்டும். வரவில்லை. குளிருக்குச் சனம் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றது. தோட்டத் தலைவர் அழகன், தொழிற்சங்கப் பொறுப்பில் இருந்த மனிதர், சின்னத்தம்பியின் கையைப் பார்த்துவிட்டார்.

"என்னண்ணே, காப்பு இன்னும் அவுக்கலையா?"

"நாளைக்குத்தானே காமன எழுப்புறது."

"அப்ப இன்னைக்கு வரைக்கும் நீங்க கோமாளிதான். சட்டப்படி."

'சட்டப்படி' என்ற சொல் சின்னத்தம்பிக்குப் பிடித்துப்போனது. சட்டம் தன் பக்கம் இருப்பதாக ஒருவர் சொல்லி அவர் கேட்பது அதுவே முதல் தடவை. கவ்வாத்துக் கத்தியைப் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்துவிட்டு ஒரு குச்சியை எடுத்தார். நாலு எட்டு நடந்தார். நின்றார். உதைத்தார். களம் அதிர்ந்தது.

திடீரென்று பீலிக் குழாய்த் தண்ணீரை அடைத்த மாதிரி சிரிப்பு நின்றுபோனது. சாதாரண மனிதன் இந்த இடத்தில் திரும்பிப் பார்த்திருப்பான். ஆனால் கலைஞன் வேறு மாதிரி யோசிப்பான் அல்லவா? சனத்துக்குச் சரியாக விளங்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்த சின்னத்தம்பி, இரண்டாவது உதையை இன்னும் உயரத் தூக்கி உதைத்தார். அந்தக் கால் எதன் மேலோ பட்டது. திரும்பினால் துரையின் பிரம்பு. பிரம்புக்கு மேலே துரை.

"நீ என்னா செய்யுது?" என்றார் துரை, தாம் புத்தகம் வைத்துக் கற்ற தமிழில்.

இங்கேதான் சின்னத்தம்பியின் அனுபவம் அவரைக் கவிழ்த்தது. வேஷத்தில் இருப்பவன் கேள்வி கேட்டால் வேஷத்திலேயே பதில் சொல்ல வேண்டும் என்பது வாத்தியார் சொல்லிக்கொடுத்த முதல் பாடம். வாய் தானாகத் திறந்துகொண்டது.

"நான் வேலை பார்க்குது!"

அன்றைக்கே பேர் வெட்டிவிட்டார்கள்.

பேர் வெட்டினால் வேலை போகும். வேலையோடு குடியிருக்கும் லயத்துக் காம்பராவும் போகும். பொண்டாட்டி பிள்ளைகளையும் சட்டிமுட்டிகளையும் கூட்டிக்கொண்டு எங்கேயாவது போக வேண்டும். அந்த எங்கேயாவது எங்கே இருக்கிறது என்பதுதான் சின்னத்தம்பிக்குத் தெரியவில்லை. அப்பா திருச்சிப் பக்கம் ஒரு ஊர்ப் பெயர் சொல்லுவார். அந்த ஊருக்குச் சின்னத்தம்பியைத் தெரியாது. பிறந்து வளர்ந்த இந்த நாடோ, அவரைத் தன்னுடைய ஆள் இல்லை என்று சட்டம் போட்டுச் சொல்லியிருந்தது. "ரெண்டு கவுருமெண்டுகிட்டயும் வேஷம் கட்டிப் பாத்துட்டேன். எவனும் சிரிக்கல," என்றார். நாகலெட்சுமி அடுப்படியிலிருந்து சொன்னாள்: "மூணாவதா துரைகிட்டயும் கட்டிட்டீங்க. இப்ப நாம ஆடுறது தெருக்கூத்து."

கேலிச் சட்டத்தை எடுத்துக் கொடுத்தவர் என்ற முறையில் அழகனுக்குத் தூக்கம் வரவில்லை. அட்டனுக்கு பஸ் பிடித்துச் சங்கத்து ஆபீசுக்குப் போய்வந்தார். லேபர் ஆபீசர் வந்து விசாரிப்பார் என்ற செய்தியும், இரண்டு இங்கிலீஷ் வார்த்தைகளும் கொண்டுவந்தார்.

"துரை எழுதியிருக்கிறது 'இன்சொலன்ட்'டாம் அண்ணே. திமிருன்னு அர்த்தம். அப்புடின்னா வேலை போறது ஞாயம். நாம சொல்ல வேண்டியது 'ஹியூமரஸ்'. அப்புடின்னா வேலை போகாது. நடந்தது ஹியூமரஸ்னு லேபர் ஆபீசர் ஒத்துக்கிட்டா போதும்."

"அப்புடின்னா என்னப்பா?"

"அத கேக்கிறதுக்குள்ள பஸ் வந்துருச்சு."

இருவரும் மத்தியாஸ் கிளாக்கரைத் தேடிப் போனார்கள். மத்தியாஸ் ஆபீசில் துரைக்கு அடுத்த நாற்காலி. மாதா கோயிலில் ஜெபம் வாசிப்பவர். தோட்டத்தில் எந்த இங்கிலீஷ் வார்த்தை செத்தாலும் பிழைத்தாலும் அவரிடம்தான் வர வேண்டும்.

"துரை சம்பளம் குடுக்கிறவரு. அவருக்கு எதிரா நான் வாயத் திறக்க மாட்டேன்," என்று வாயைத் திறந்தார் மத்தியாஸ். "பொதுவா, இங்கிலீஷ் பாஷையப் பத்தி மட்டும் சொல்றேன். நல்லா கேட்டுக்க."

"சொல்லுங்கய்யா."

"ஹியூமரஸ்னா சிரிப்பூட்டக்கூடியது. தமிழ்ல நாம தமாஷுன்னு சொல்லுவோம், கேலிம்போம், கிண்டல்ம்போம், நக்கல்ம்போம், சேட்டைம்போம். யாழ்ப்பாணத்து ஆளுங்க பகிடிம்பாங்க. எல்லாம் ஒண்ணில்ல. கிண்டல் பண்ணினா அடி விழும். தமாஷ் பண்ணினா விழாது. ஹியூமரஸ்ங்கிறது அடி விழாத சாதி."

"அப்ப தமாஷுதானேய்யா?"

"அவசரப்படாத. செய்யிறவன் சிரிக்க வைக்கணும்னு நினைச்சுச் செய்யணும். பாக்கிறவன் சிரிக்கணும். இது ரெண்டும் எல்லாச் சாதிக்கும் பொது. இங்கிலீஷ்ல இன்னொண்ணு இருக்கு. யாரப் பத்திச் செய்யிறமோ அவனும் சிரிக்கணும். அங்கதான் எல்லாரும் மாட்டுவாங்க." மத்தியாஸ் குரலைத் தாழ்த்தினார். "வெள்ளைக்காரன் அவனையே அவன் நையாண்டி பண்ணிக்கிட்டா அது உத்தமமான ஹியூமர். பைபிள் மாதிரி. அடுத்தவன் பண்ணினா அது வேற டிப்பார்ட்மெண்ட்."

சின்னத்தம்பி யோசித்தார். "எனக்கு என்னையப் பண்றதுதான் ரொம்ப லேசுங்கய்யா. காதுலயிருந்தே ஆரம்பிப்பேன்."

"உன்னையப் பண்ணினதுக்கா உன் பேர வெட்டினாங்க? துரையத்தான் பண்ணிக் காட்டணும். ஆபீசர் கண்டிப்பா காட்டச் சொல்லுவாரு. அவரு சிரிச்சா நீ பொழச்ச."

லயத்துக்கு அன்றிலிருந்து வேறு வேலை இல்லை. சின்னத்தம்பி வாசலில் நடந்து காட்டினார். சனம் வரிசையில் உட்கார்ந்து திருத்தியது. "கால இன்னும் கொஞ்சம் தூக்குங்க மாமா." "அம்புட்டுத் தூக்கினா குதிரை மாதிரி இருக்கு." "நெஞ்ச நிமித்துங்கண்ணே, துரைக்கு நம்மள மாதிரி கூனா இருக்கு?" பேச்சியம்மா என்ற கிழவி மட்டும், முன்னேயெல்லாம் இவன் தெருவில் வந்தாலே சிரிப்பவள், முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நல்லாத்தான் செய்யிறான் பாவம்," என்றாள். ஒரு கோமாளிக்கு இதைவிட மோசமான பாராட்டு கிடையாது.

கடைசியாக நாகலெட்சுமிக்குத் தனியாகச் செய்து காட்டினார்.

"சிரிப்பு வருதா புள்ள?"

"நீங்க ஒதைக்கிறப்போ எல்லாம் நம்ம சட்டிபானைதான் ரோட்டுல உருளுற மாதிரி தெரியிது. எங்க சிரிக்கிறது?"

விசாரணை நாள் வந்தது. லேபர் ஆபீசர் சிங்கள மனிதர். கண்ணாடி போட்டவர். தலவாக்கலையிலிருந்து வந்த வழியில் மழையில் நனைந்திருந்தார். சிரிக்கிற மனநிலையில் வந்தவராகத் தெரியவில்லை. துரையோடு இங்கிலீஷில் பேசினார். மத்தியாஸ் இரண்டு பக்கமும் மொழிபெயர்க்க நின்றார். அழகன் எழுந்து, காப்பு அவிழும்வரை கோமாளிக்குள்ள உரிமையை விளக்கினார். சாட்சியாகச் சின்னத்தம்பி கையை நீட்டினார். பேர் வெட்டிய கோமாளிக்குக் காமனை எழுப்பிய அன்று காப்பை அவிழ்க்க யாருக்கும் மனம் வராமல், அது அழுக்கேறி இன்னும் கையிலேயே கிடந்தது.

ஆபீசர் காப்பைப் பார்த்தார். துரையைப் பார்த்தார். "இது இன்சொலன்ட்டா ஹியூமரஸா என்று நான் காணாமல் எப்படிச் சொல்வது? காட்டச் சொல்லுங்கள்," என்றார்.

துரை தம் பிரம்பையே கொடுத்தார். நேர்மையான மனிதர். எதிராளிக்கு ஆயுதம் கொடுத்துச் சண்டை போடுகிற வம்சம்.

சின்னத்தம்பி பிரம்பை வாங்கினார். கூத்தில் மூங்கில் குச்சியைத் தூக்கிக்கொண்டு நடப்பவருக்கு, உண்மையான பிரம்பு கை நிறையக் கனத்தது. நடந்தார். முதல் எட்டில் காம்பரா ஞாபகம் வந்தது. இரண்டாவது எட்டில் சின்னப் பிள்ளையின் காய்ச்சல் ஞாபகம் வந்தது. நின்று உதைத்தபோது கால் தரையை விட்டு ஒரு சாண்கூட எழவில்லை. பார்த்தவர்களுக்கு அது துரையாகத் தெரியவில்லை. பேர் வெட்டப்பட்ட ஒருவன் காலில் அட்டை கடித்து நிற்பதாகத் தெரிந்தது. அது உண்மைக்கு மிகவும் நெருக்கமாக இருந்ததால் ஒருவருக்கும் சிரிப்பு வரவில்லை.

ஆபீசர் தாளில் எழுதப் பேனாவை எடுத்தார்.

"இன்னொரு தடவை செய்றேன் சாமி," என்றார் சின்னத்தம்பி. செய்தார். முதல் தடவையே தேவலை.

ஆபீசர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஹினா யன்னே நே," என்றார் தமக்குள், சிங்களத்தில். சிரிப்பு வரவில்லை என்று மத்தியாஸ் மொழிபெயர்க்கத் தேவை இருக்கவில்லை. அழகன் தலையைக் குனிந்துகொண்டார். இருபது வருஷம் கோமாளி என்று பேர் வாங்கிய மனிதர், தாம் இதுவரை ஊரை ஏமாற்றிவந்திருக்கிறோம் என்பதை அப்போதுதான் தெரிந்துகொண்டார்.

துரை நாற்காலியில் நெளிந்தார். ஏதோ அவரை உறுத்தியது. "அது நான் இல்லை," என்றார் இங்கிலீஷில்.

"எது நீங்கள் இல்லை?" என்றார் ஆபீசர்.

"இவன் செய்தது. நான் இப்படி நடப்பதில்லை. இது ரொம்ப மோசம். பெரட்டில் எவ்வளவோ நன்றாகச் செய்தான்."

மத்தியாஸ் கடமை தவறாமல் மொழிபெயர்த்தார்: "பெரட்டுல நீ இதவிட நல்லா செஞ்சியாம்."

"மன்னிச்சுக்கங்க தொர," என்றார் சின்னத்தம்பி. நன்றாகச் செய்ததற்கா, இப்போது கெடுத்ததற்கா என்பது அவருக்கே தெரியவில்லை.

"எந்த விதத்தில் நன்றாக இருந்தது?" ஆபீசர் விடவில்லை.

"மேஸ்!" என்றார் துரை. "மேஸை மறந்துவிட்டான். அந்த உதை மேஸுக்காக. சும்மா காலை ஆட்டினால் ஆயிற்றா?" பொறுக்க முடியாமல் எழுந்தார். சின்னத்தம்பி கையிலிருந்து பிரம்பை வாங்கினார். "இதோ, நாலு எட்டு. நிற்கிறேன். பிரம்பை ஊன்றுகிறேன். பிறகு..."

உதைத்தார்.

எந்நேரமும் நழுவியும் நழுவாமலும் கிடக்கும் அந்த இடது மேஸ், அன்றைக்கு மழையில் நனைந்து கனத்திருந்ததோ என்னவோ, ஒரே வழுக்காகச் சப்பாத்துவரை இறங்கியது. துரை குனிந்து அதைப் பார்த்தார். அவருடைய நீண்ட வெள்ளைக் கால் ஆபீஸ் முழுவதும் தெரிந்தது. மேஸுக்குள் இத்தனை வருஷமும் ஒளிந்திருந்த அந்தக் கால், சின்னத்தம்பியின் கரும்பு வில்லைவிட மெல்லிசாக இருந்தது.

அறையில் யாரோ சிரித்தார்கள்.

சின்னத்தம்பிதான். இரண்டு கையாலும் வாயைப் பொத்தினார். சிரிப்பு விரலிடுக்கில் வந்தது. வேலையும் காம்பராவும் கண்ணெதிரே போய்க்கொண்டிருக்க, வழக்கில் மாட்டியவன் மட்டும் சிரிக்கிறான். அழகன் அவர் வேட்டியைப் பிடித்து இழுத்தார். பிறகு அழகனுக்கும் தாங்கவில்லை. ஆபீசர் கண்ணாடியை மறுபடியும் கழற்றினார். இந்த முறை துடைத்தது கண்ணை. மத்தியாஸ் மேரி மாதாவே என்று சொல்லிக்கொண்டே மேசைக்குக் கீழே எதையோ தேடினார். வெளியே தாழ்வாரத்தில் மழைக்கு ஒதுங்கியிருந்த கொழுந்துக்காரப் பெண்கள் சன்னல் கம்பியில் முகத்தை வைத்துக்கொண்டு சிரித்தார்கள். அவர்களில் நாகலெட்சுமியும் இருந்தாள். கட்டிக்கொண்ட நாளிலிருந்து புருஷன் இருக்கும் இடத்தில் அவள் சிரித்தது அன்றைக்குத்தான். அதற்குக் காரணம் புருஷன் அல்ல.

கடைசியில் துரையும் சிரித்துவிட்டார்.

ஆபீசர் குரலைச் சரிசெய்துகொண்டார். "ஐயா, நீங்கள் இப்போது செய்ததற்கு என்ன சொல்லைப் பாவிப்பீர்கள்?"

துரை சொல்லைத் தேடினார். இன்சொலன்ட் என்று சொல்ல முடியாது. தமக்குத் தாமே திமிர் காட்டிக்கொண்டதாக யாரும் முறைப்பாடு எழுத முடியாது அல்லவா? "ஹியூமரஸ்," என்றார்.

"இவன் பெரட்டில் செய்ததும் இதேதானா?"

"இதேதான்." பிறகு, கொஞ்சம் பெருமையாக, "ஆனால் இவ்வளவு நன்றாக இல்லை," என்றார்.

ஆபீசர் அதையே எழுதிக் கையெழுத்துப் போட்டார். மத்தியாஸ் தாம் அன்று சொன்ன விளக்கத்தில் ஓர் எழுத்தும் பிசகவில்லை என்ற திருப்தியோடு சின்னத்தம்பி பக்கம் திரும்பினார். "பேரு திரும்பப் போட்டாச்சு. போ. ஆனா ஒண்ணு. சிரிப்பு வந்தது தொரை செஞ்சதுக்கு. நீ செஞ்சதுக்கில்ல."

பேர் மறுபடி ஏறியது. காம்பரா தங்கியது. அன்று மாலை கோயிலில் வைத்து அழகன் அந்தப் பழைய காப்பை அவிழ்த்துவிட்டார். லயத்தில் சந்தோஷம்தான். ஆனால் சின்னத்தம்பி எதிரில் வந்தால் சனம் ஒரு மாதிரி மரியாதையாக ஒதுங்கியது. "ஆபீசர் முன்னால ரெண்டு தடவ செஞ்சாராம், ஒரு சிரிப்பு வரலையாம்," என்று பின்னால் பேசிக்கொண்டார்கள். அடுத்த மாசியில் கோமாளி வேஷம் யாருக்கு என்று கூடிப் பேசியபோது, சோலைமலை என்ற இளைஞன், "தொரையக் கேட்டுப் பாக்கலாமா?" என்றான். கூட்டத்தில் எழுந்த சிரிப்பைக் கண்டு, அவனுக்கே வெள்ளைப் புள்ளி வைத்துவிட்டார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். சின்னத்தம்பியே மறுபடி ஆடினார். வேறு யாருக்கும் அந்தக் காதுகள் இல்லை.

துரை மட்டும் முன்னெச்சரிக்கையாக ஒரு ஏற்பாடு செய்தார். காமன் எரிந்ததிலிருந்து காப்பு அவிழும்வரை கோமாளி பெரட்டுக்கு வர வேண்டியதில்லை. நேராக மலை உச்சிக்குப் போய்த் தனியாக மழைநீர்க் கான் வெட்டலாம். துரை ஊருக்குக் கப்பல் ஏறிப்போன பிறகும், அடுத்து வந்த துரைமார் காரணம் தெரியாமலே அந்த வழக்கத்தைக் காப்பாற்றினார்கள்.

அந்த நாட்களில் சின்னத்தம்பி மண்வெட்டியோடு உச்சியில் தனியாக இருப்பார். கீழே மூடுபனி கிடக்கும். அட்டைக்குப் பயந்து காலில் சுற்றிக் கட்டியிருக்கும் சாக்குத் துண்டு நழுவும். குனிய அலுப்பாக இருக்கும். மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு இடது காலைப் பின்னால் ஒரு உதை உதைப்பார். பிறகு, பழக்கதோஷம், திரும்பிப் பார்ப்பார்.

தேயிலைச் செடிகள் வரிசையாக நிற்கும். ஒன்றும் சிரிக்காது. அவையும் தோட்டத்து ஆட்கள்தானே, யாராவது முதலில் சிரிக்கட்டும் என்று பார்த்துக்கொண்டிருக்கும்.